சாம்பிள் பாட்டிலை நம்பி 18,400 ரூபாயை விட்டேன்: ஊறுகாய், பொடி செய்து விற்பவர்கள் படிக்கவும்

கல்யாணத்துக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. கூடத்தில் 24 அட்டைப்பெட்டி அடுக்கிக் கிடக்கிறது. உள்ளே இருக்கிற கண்ணாடி பாட்டில்கள் ஒன்றும் எனக்கு உதவாது. போனது 18,400 ரூபாய். நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. இன்னொருவர் இதில் மாட்டக் கூடாது என்றுதான் விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். பாட்டில் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

திருச்சியில் வீட்டிலேயே ஊறுகாய், தொக்கு, பொடி செய்து கொடுக்கிறேன். ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு 400 தாம்பூலப் பை கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பையிலும் 3 சின்ன பாட்டில்: மாங்காய்த் தொக்கு, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். மூடி மேல் துணி கட்டி, சணல் கயிற்றில் மணமக்கள் பெயர் எழுதிய அட்டை தொங்கும். மாங்காய் சீசன் முடிவதற்குள் காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கி, தொக்குக் கிளறி, பீங்கான் ஜாடியில் எண்ணெய் மிதக்க வைத்திருந்தேன். பாட்டில் மட்டும்தான் பாக்கி. 100 மில்லி அளவில் 1,200 வேண்டும்.

பெரியகடை வீதியில் ஒரு பாட்டில் 19 ரூபாய் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து மொத்தமாகப் பாட்டில் விற்கும் ஒருவர் கண்ணில் பட்டார். 14 ரூபாய். கண்ணாடிக்குப் பேர்போன பிரோசாபாத்திலிருந்து நேரடியாக இறக்குவதாகச் சொன்னார். 1,200 பாட்டிலுக்கு 6,000 ரூபாய் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இருந்தாலும் உடனே பணம் போடவில்லை. சாம்பிள் கேட்டேன். "காசே வேண்டாம்க்கா, கையில வாங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று 2 பாட்டில் கூரியரில் அனுப்பினார்.

அந்த 2 பாட்டிலை இப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அடி கனமாக இருக்கிறது. மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் ரப்பர் போல மெத்தென்ற வளையம். தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தேன், கீழே விரித்த செய்தித்தாள் நனையவே இல்லை. வீடியோ காலில் குடோனைக் காட்டினார், அவருடைய அம்மாவும் ஊறுகாய் போடுவாராம், அதையும் சொன்னார். அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். பாதி முன்பணம் என்பதுதான் முதல் பேச்சு. அப்புறம், "முழுசாப் போட்டா இன்னைக்கே லாரில ஏத்திடறேன்க்கா, பில் பெட்டிக்குள்ளயே வரும்" என்றார். பாட்டிலுக்கு 16,800, பார்சல் கூலி 1,600, ஆக 18,400 ரூபாயை ஒரே தடவையில் அனுப்பிவிட்டேன். பணம் போன கணக்கு கடை பெயரில் இல்லை, வேறு யாரோ தனி ஆள் பெயரில் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

வந்த சரக்கு வேறு. கண்ணாடி மெலிசு, அதற்குள் குமிழி. மூடி வெறும் தகரம், மேலே மட்டும் தங்க நிறம், உள்ளே பூச்சும் இல்லை, வளையமும் இல்லை. 86 பாட்டில் உடைந்தே வந்தது. பெட்டிக்குள் பில் என்று ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. உடனே போன் போட்டேன். "அது புது மாடல்க்கா, அதைவிட நல்லது, போட்டுப் பாருங்க" என்றார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று 150 பாட்டிலில் தொக்கைப் போட்டேன்.

கண்ணாடி திடீர்ச் சூடு தாங்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடேற்றித் துடைத்து, தொக்கையும் கை பொறுக்கும் சூட்டில்தான் நிரப்பினேன். அப்படியும் 11 பாட்டிலின் அடி கழன்று விழுந்தது. மிச்சத்தை 10 நாள் கழித்துத் திறந்தால் மூடிக்குள் எல்லாம் பழுப்பாகத் துரு. உப்பும் புளிப்பும் வெறும் தகரத்தைத் தின்னாமல் விடுமா? துரு தொக்கில் உதிர்ந்து கிடந்தது. ஏறக்குறைய 15 கிலோ தொக்கைக் கொட்டினேன். என் அம்மா சொல்லிக் கொடுத்த பக்குவம், மூன்று நாள் அடுப்படியில் நின்று கிளறியது. பாட்டில் காசைவிட அதுதான் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. "அக்கா" போய் "மேடம்" வந்தது. முதலில் பார்சல் சர்வீஸ்காரர்கள் தப்பு என்றார். உடைசல் சரி, மூடியையும் அவர்களா மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்து, பெட்டி பிரித்த வீடியோ இருக்கிறதா என்றார். பிறகு ஓனர் ஊரில் இல்லை. அதுவரை அவரே ஓனர் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்! காட்டிய சரக்கு ஒன்று, வந்த சரக்கு வேறு என்றால் திருப்பி எடுக்க விற்றவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதியிலேயே இருக்கிறது. அதைச் சொன்னதற்கு, "கேஸ் போட்டுக்கங்க மேடம்" என்று வைத்துவிட்டார். இப்போது நான் அனுப்பும் செய்தி போய்ச் சேருவதே இல்லை. நேற்று சாயந்திரம் என் தங்கை தன் நம்பரிலிருந்து சும்மா விலை கேட்டாள். ஐந்தே நிமிஷத்தில் பதில்: "சாம்பிள் அனுப்பட்டுமாக்கா?"

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். இணையவழிப் பணமோசடிக்கு 1930 இருக்கிறது, அதற்கும் இன்று காலை பேசப் போகிறேன். 18,400 ரூபாய் திரும்ப வருமா தெரியாது.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். சாம்பிளைப் பார்த்து முழுப் பணமும் போடாதீர்கள், முதலில் 50 பாட்டில் மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். தனி ஆள் பெயரில் கணக்கு இருந்தால் வேண்டாம். பில் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் பணம். பெட்டி பிரிக்கும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூடிக்குள் பூச்சும் வளையமும் இல்லையென்றால் ஊறுகாயைப் போடவே போடாதீர்கள்.

பெரியகடை வீதியில் 10 மணிக்குக் கடை திறப்பார்கள். 19 ரூபாய் பாட்டிலையே எடுக்கப் போகிறேன். மாங்காய் இனி கிடைக்காது, குறைகிற பாட்டிலுக்குத் தக்காளித் தொக்கு போடலாமா என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்க வேண்டும்.