யாழ்ப்பாணத்தில் பாவித்த ரோட் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்

நேற்றுப் பின்னேரம் அந்தக் கடைக்காரர் என்னை வட்ஸ்அப்பில் பிளொக் பண்ணிவிட்டார். என்னிடம் 185,000 ரூபா எண்ணி வாங்கிய மனுசன். இரவு நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்கு முதல் எழுதிவிடவேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வரும் பாவித்த சைக்கிள்களை இறக்கி, துடைத்து, மினுக்கி விற்கும் கடை. முகநூலிலும் படம் போட்டு விற்பார்கள். இவ்வளவும் போதும். இந்த வியாபாரம் செய்கிற எல்லோரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி ஓடுகிற சைக்கிளும் அப்படி வந்ததுதான், இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. வாங்கும்போது எதையெதைப் பார்க்கவேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியப்புறம் வெளிக்கிட்டு உழக்குகிற ஒரு சின்னக் கூட்டம். ஆசிரியர்கள், ஒரு வங்கிக்காரர், கம்பஸ் பிள்ளைகள். போட்டிக்கு ஓடுகிறவர்கள் இல்லை, ஆசைக்கு ஓடுகிறவர்கள். சித்திரை வைகாசியில் எட்டு மணிக்கே ரோட்டில் நிற்க ஏலாது. ஆகவே ஐப்பசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி வரைக்கும்தான் எங்களுடைய காலம். கார்த்திகையில் மழை ஊற்றும். மார்கழியில் வாடைக்காற்று. தை பிறந்து வானம் வெளித்து, மாசியில் பனியும் காய்ந்த ரோட்டும் கிடைக்கும். மாரியில் விடாமல் உழக்கினவர்களுக்குத்தான் மாசியில் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் போய்வரக் கால் இருக்கும். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு கடலை ஊடறுத்துப் புங்குடுதீவுக்குப் போகிற அந்த நீண்ட பாலம். போகும்போது வாடை முதுகில் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றுக்கு எதிராக லேடீஸ் சைக்கிளில் நிமிர்ந்து இருந்து உழக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் ஏன் ரோட் சைக்கிளுக்கு ஆசைப்பட்டேன் என்று.

சீட்டுக் காசு விழுந்தது. அதோடு கையில் இருந்ததையும் சேர்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

அந்தப் பின்னேரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவர் என்னை இருத்தி முதலில் தேத்தண்ணி தந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னவுடன், தன்னுடைய அம்மாவின் தமக்கை அங்கேதான் கலியாணம் செய்தது என்றார். பிறகு தானும் ஒரு காலத்தில் ஓடினவர் என்று சொல்லி, சுவரில் தொங்கிய பழைய படத்தைக் காட்டினார். நெஞ்சில் இலக்கத் துணி குத்திக்கொண்டு, ஒல்லியாக, மீசையோடு நிற்கிறார். சைக்கிளைப் பற்றி அவர் கதைத்த விதத்தில் ஒரு பொய்யும் தெரியவில்லை. அலுமினியம் பிரேம், கார்பன் நாரில் செய்த முன் போர்க் (முன் சில்லைப் பிடித்திருக்கிற கவை), பத்து ஸ்பீட் ஷிமானோ ரியாக்ரா கியர். சில்லைச் சுழற்றிக் காட்டினார், நெளிவு இல்லை. செயினின் தேய்வைக் கருவி வைத்து அளந்து காட்டினார். இருக்கையின் உயரத்தை என் காலுக்குத் தக்கபடி தானே குனிந்து சரிபண்ணினார். கடை ஒழுங்கையில் ஓடிப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னுடைய பழைய சைக்கிளைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

முன் போர்க்கின் மேற்பக்கத்தில், சில்லுக்கு மேலே, ஒரு கறுப்பு ஸ்டிக்கர் சுற்றி ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். "அது கல்லுத் தெறிக்காமல் ஒட்டுற காப்பு தங்கச்சி. ஜப்பான்காரன் எவ்வளவு கவனமா வைச்சிருந்திருக்கிறான் பாருங்கோ" என்றார்.

மாரியில் ஓடத்தான் வாங்குகிறேன், தீவுப் பக்கம் உப்புக் காற்று, தாங்குமா என்று குறிப்பாகக் கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "தங்கச்சி, இந்த மாரிக்கு மட்டும் இல்லை, இன்னும் பத்து மாரிக்கு ஓடலாம். நான் பொறுப்பு." 190,000 சொன்னவர் எனக்காக என்று 5,000 குறைத்தார். பில்லின் அடியில் "6 மாத உத்தரவாதம்" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். 185,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு அவருக்கு நன்றியும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கார்த்திகை முழுக்க அதில் ஓடினேன். மழைக்குள், சில்லின் விளிம்பைக் கவ்வுகிற ரிம் பிறேக் முதல் பிடிக்குப் பிடிக்காது, முன்கூட்டியே பிடிக்கவேண்டும். வெள்ளம் நிற்கிற இடத்தில் கிடங்கு எங்கே என்று தெரியாது, நடு ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். தீவுப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணியில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுத்தான் வைப்பேன். உவர் தண்ணியில் கழுவினால் கழுவாமல் விடுவதை விட மோசம். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் விளங்கும்.

திருவெம்பாவைக் காலத்தில், விடிய வெளிக்கிடும்போது கோயில்களில் சங்கு ஊதுகிற நேரம், முன் பிறேக்கைப் பிடித்தால் "ணக்" என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஹெட்செட், அதாவது ஹாண்டில் திரும்புகிற இடத்துப் பெயரிங், இளகியிருக்கும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் இறுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. வடமராட்சியில் பழைய மெக்கானிக் ஐயா ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்டிக்கரைச் சுரண்டிக் கழற்றினார். கீழே பெயின்டின் நிறம் ஒரு துண்டுக்கு மட்டும் வேறு. ஒரு நாணயத்தால் போர்க்கைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு வந்தார். கீழே கணீர் என்று கேட்ட சத்தம் அந்த இடத்தில் செத்துப்போனது. பெயின்டையும் சுரண்டினார். உள்ளே பசை போட்டு அடைத்த வெடிப்பு, குறுக்காக, போர்க்கின் முக்கால் அகலத்துக்கு.

அந்த ஐயா அதிகம் கதைக்காதவர். "பிள்ளை, இதில வீட்டுக்கும் ஓடிப் போகாதை" என்று மட்டும் சொன்னார். ஓட்டோவில்தான் ஏற்றி வந்தேன்.

கார்பன், இரும்பு மாதிரி வளைந்து காட்டிவிட்டு உடையாது. உள்ளுக்குள் நார்கள் பிரிந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று விடும். முன் போர்க் விட்டால் முகம்தான் ரோட்டில் அடிக்கும். நான் அதில் பாலத்தில் வேகமாக ஓடியிருக்கிறேன், பின்னால் பஸ் வர வர. இதைத் தெரிந்துகொண்டு ஸ்டிக்கர் ஒட்டி விற்ற மனுசனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கடையில் பார்த்தேன், மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

இனி அவர் என்னைத் தட்டிக்கழித்த கதை. போனில் சொன்னபோது, "கொண்டுவாங்கோ தங்கச்சி, பாப்பம்" என்றார். கொண்டுபோனேன். வெடிப்பைப் பார்த்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தீவுப் பக்கம் ஓடினீங்களோ?" என்றார். ஓம் என்றேன். "அதுதான். மாரிக்குள்ள உப்புக் காத்தில ஓடினால் இப்பிடித்தான் வரும்."

பத்து மாரிக்கு நான் பொறுப்பு என்றவர். அதே வாயால், மாரியில் ஓடியது என் பிழை என்கிறார்.

மாரியில் ஓடுகிற எல்லோருக்கும் நாளைக்கு இந்தச் சாட்டுத்தான் வரப்போகிறது, ஆகவே இதை விளங்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு செயினைத் தின்னும், இரும்பு ஆணிகளைத் தின்னும், பெயரிங்கைத் தின்னும். அலுமினியத்தையும் அரிக்கும், அதுவும் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணி தேங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். கார்பன் துருப்பிடிப்பதில்லை. உப்புக் காற்று கார்பனைக் குறுக்காக வெடிக்க வைக்காது, வெடித்த இடத்தில் பசை பூசாது, பெயின்ட் அடிக்காது, ஸ்டிக்கர் ஒட்டாது. இதை அவருக்கு நேரே சொன்னேன். "நீங்கள் இப்பிடிக் கதைச்சால் சரிவராது. வீட்டில ஆம்பிளை ஆக்கள் இருந்தால் வரச் சொல்லுங்கோ" என்றார். காசு கொடுக்கும்போது ஆம்பிளை ஆக்களைக் கேட்கவில்லை. 185,000 ரூபாவும் என் கையால்தான் கொடுத்தது, பில்லிலும் என் பெயர்தான் இருக்கிறது.

உத்தரவாதத்தைக் காட்டினேன். அது கியருக்கு மட்டுமாம். பில்லில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. கடைசியில், சரி, வேறு போர்க் போட்டுத் தருகிறேன், பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்தது. கொண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது என்றார். பிறகு ஆள் கொழும்பில் என்றார்கள், கடைப் பெடியன் சொல்லும்போதே உள்ளே அவருடைய குரல் கேட்டது. பிறகு போன் எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும். நேற்று, முறைப்பாடு செய்யப் போகிறேன் என்று எழுதினேன். பிளொக்.

இந்த இழுத்தடிப்பு சும்மா நடந்தது இல்லை என்று இப்போது நினைக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். நான் வாங்கியது ஐப்பசியில். "பொங்கல் கழியட்டும்", "கொண்டெய்னர் வரட்டும்" என்று அவர் கடத்திய நாட்களில்தான் அந்த மூன்று மாதமும் போனது. நான் விடப் போவதில்லை. மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். மெக்கானிக் ஐயா வந்து சொல்லவும் சம்மதித்திருக்கிறார், அவருக்குக் கோடி புண்ணியம்.

சைக்கிள் விறாந்தையில் சாத்திக் கிடக்கிறது. அந்த அளவுக்கு, போர்க்கிலிருந்து ஹாண்டில் வரைக்கும் மேலே போகிற அந்தத் தண்டு நீளத்துக்கு வேறு கார்பன் போர்க் இங்கே ஒரு கடையிலும் இல்லை. வெட்டிக் குட்டையாக்கிய தண்டை நீட்டவும் முடியாது. வெளியில் இருந்து எடுப்பித்தால் விலையும் தபாலும் வரியும் என்று இன்னொரு பெரிய தொகை. ரோட்டெல்லாம் காய்ந்துவிட்டது, மண்டைதீவுப் பக்கம் பூநாரை வந்து நிற்கிறதாம், எங்களுடைய ஆட்கள் படம் அனுப்புகிறார்கள். மாரி முழுக்க நனைந்து உழக்கியது இந்த மாசிக்காகத்தான். அதையும் சேர்த்துத்தான் அந்த மனுசன் எடுத்துக்கொண்டான், 185,000 ரூபா மட்டும் இல்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியதை விபரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பாவித்த சைக்கிளில் ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருந்தாலும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கழற்றமாட்டேன் என்றால் திரும்பி வாருங்கள். கார்பன் என்றால் நாணயத்தால் மெல்லத் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள், முன் சில்லையும் கழற்றிப் பாருங்கள். காசு கொடுக்க முதல் வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டக் கேளுங்கள். உத்தரவாதம் எதெதற்கு என்று பில்லில் எழுதுவியுங்கள், பிரேமின் அடியில் குத்தியிருக்கிற இலக்கத்தையும் சேர்த்து. பிழை தெரிந்தால் கடைக்காரர் சொல்லுகிற தவணைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977. இதே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய முன் போர்க்கோடு யாராவது அண்மையில் வாங்கியிருந்தால் இன்றைக்கு ஓடாதீர்கள், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.