முதல் கேம்ப் எங்கே? குழந்தையோடு நடந்துபோக ஐந்து வகை இடங்கள்

ஆறேழு வயதுக் குழந்தை தன் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடந்துபோய், ஓர் இரவு வெளியே தூங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். போகக்கூடிய இடங்கள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும்: ஓடைக்கரை, ஏரிக்கரை, மலையேறுபவர்கள் தங்கும் மலைக்குடில், மலையுச்சி, பல கேம்ப்களைத் தொட்டு வரும் சுற்றுப்பாதை. இந்த ஐந்தையும் இங்கே இரண்டே கேள்விகளால் எடைபோடுகிறோம். பையை இறக்கி வைத்தபின் விளையாட எவ்வளவு பொழுது மிஞ்சும்? ஏதாவது சரியில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் வண்டிக்குத் திரும்பலாம்? காட்சி அழகைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொலைவில் தெரியும் மலைத்தொடரைக் குழந்தை ஒரு நிமிடம் பார்க்கும். காலடியில் கிடக்கும் கூழாங்கல்லோடு மூன்று மணி நேரம் இருக்கும்.

அதனால் முதலிடம் ஓடைக்கரைக்கு. எல்லா ஓடையும் சரிவராது. குழந்தையின் கணுக்காலுக்குச் சற்று மேல் வரை தண்ணீர், மெதுவான ஓட்டம், இறங்கி ஏறத் தோதான கரை, பக்கத்தில் சமதரை, இவ்வளவும் வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 2 முதல் 3 கி.மீ., மொத்த ஏற்றம் 150 மீட்டருக்குள் இருந்தால் போதும். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 3 கி.மீ. தூரமும் 150 மீட்டர் ஏற்றமும் பெரியவர்களுக்கு 51 நிமிடம். குழந்தையோடு போகும்போது அதை மூன்று மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குள் சேர்ந்துவிடலாம். இருட்டும்வரை அணை கட்டவும் இலைப்படகு விடவும் நேரம் கிடைக்கும்.

ஓடையின் இன்னொரு வசதி சுமை குறைவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், தண்ணீர் இல்லாத இடத்துக்கு மூன்று பேர் 12 கிலோ தூக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். 0.1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. ஒருமுறை ஈரத்தோடு உறைந்த ஃபில்டரை மறுபடி நம்பக் கூடாது, தண்ணீரை வடிகட்டும் நுண்ணிய இழைகள் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

ஓடைக்கரையில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச தூரத்திலேயே குழந்தை கூப்பிடுவது காதில் விழாது. கழுத்தில் விசிலை மாட்டிவிட்டு, மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பழக்குங்கள். அடுத்தது வெள்ளம். மேலே பெய்த மழை இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரலாம். கரையோரக் கிளைகளில் சிக்கிய சருகும் குச்சியும் பழைய வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும். அதற்கு மேலே, தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி டென்ட் போடுங்கள். ஓடை அழுக்காகாமல் இருக்கவும் இந்த இடைவெளி வேண்டும்.

ஏரிக்கரை இரண்டாவது. தூரத்திலேயே ஏரி தெரிவதால் சோர்ந்த குழந்தைக்கும் கடைசி அரை கி.மீ. எளிதாகிவிடும். ஆனால் கரையிலிருந்து நாலு அடி வைத்ததும் ஆழமாகிவிடும் ஏரிகள் உண்டு. மணலோ சரளையோ மெல்லச் சரியும் கரையாகப் பாருங்கள். இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். அதனால் தண்ணீரை ஒட்டிய டென்ட் விடியும்போது உள்ளேயும் நனைந்திருக்கும். இருபது முப்பது மீட்டர் மேலே ஏறிப் போட்டால் வெதுவெதுப்பாகவும் உலர்வாகவும் இருக்கும், காற்று வீசினால் கொசுவும் குறையும்.

மலைக்குடிலில் டென்ட்டின் இரண்டு மூன்று கிலோ மிச்சம், மழைக்கும் பயமில்லை. வானிலை நிலையற்ற மாதத்தில் இதுவே சிறந்தது. ஆனால் பலர் ஒன்றாகத் தூங்கும் அறையில், இரவில் விழித்து அழும் குழந்தைக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். பல குடில்கள் உயரத்தில் இருக்கின்றன. 2,500 மீட்டருக்கு மேல், ஆக்ஸிஜன் குறைவதால் உயர நோய் வரலாம். சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாமல் போகலாம். சாப்பிட மறுப்பதும் காரணமில்லாமல் சிணுங்குவதும்கூட அடையாளம். முதல் பயணத்தில் அந்த உயரமே வேண்டாம்.

மலையுச்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் கிடையாது, இடி மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது, 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குளிர் ஏறும். சுற்றுப்பாதையில் குறை வேறு: பாதி வழியில் காய்ச்சல் வந்தால் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அதே தூரம். போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் திரும்பலாம். வரும்போது, பார்த்த பாறையையும் வளைந்த மரத்தையும் குழந்தையே அடையாளம் சொல்லிக்கொண்டு நடக்கும்.

இடத்தை முடிவு செய்யுமுன் சமஉயரக் கோட்டு வரைபடத்தை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் என்றால், ஏறும் வழியில் ஏழெட்டுக் கோடுகளுக்கு மேல் தாண்டக் கூடாது. நெருக்கமான கோடுகள் செங்குத்து. அந்த இடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள்: அந்த மாதத்தில் ஓடையில் தண்ணீர் ஓடுமா, தங்க அனுமதிச் சீட்டு வேண்டுமா, பாதையின் ஓரத்தில் கிடுகிடு பள்ளம் இருக்கிறதா. மூன்றாவதற்கு ஆம் என்றால் வேறு இடம் பாருங்கள். தடுக்கி விழுவது இந்த வயதில் சாதாரணம்.

குழந்தையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. ஒரு ஜாக்கெட், அரை லிட்டர் தண்ணீர், டார்ச், கொறிக்க ஏதாவது, பிடித்த பொம்மை, அவ்வளவுதான். வழியில் அந்தப் பையும் பெரியவர் தோளுக்கு வரும் என்பதால் உங்கள் பையில் அதற்கு இடம் விடுங்கள். குழந்தை சீக்கிரமே களைத்துவிட்டால் தங்க, முதல் ஒரு கி.மீ.க்குள் அனுமதியுள்ள இன்னொரு சமதரையையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், மதியம் இரண்டு மணிக்குள் கேம்ப்பை எட்டவில்லை என்றால் திரும்பிவிடுவோம் என்று கிளம்புமுன்பே முடிவு செய்துவிடுங்கள்.