போர்வெல்லை இறக்குவதா, மாடித் தண்ணீரைப் பிடிப்பதா: சென்னை வீடுகளுக்கு ஒரு கணக்கு

ஏப்ரலில் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கினால் போதும், சென்னைக் குடியிருப்புச் சங்கங்களில் யோசனைகள் வரிசைகட்டும். போரை (ஆழ்துளைக் கிணற்றை) இன்னும் நூறு அடி இறக்கலாம், லாரிக்கு மாதக் கணக்கு வைக்கலாம், மழைநீரைச் சேகரிக்கலாம், குளித்த தண்ணீரைத் திருப்பலாம். "கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் அலைகிறோம்" என்பவரும் இருப்பார். ஒவ்வொன்றும் எங்கேயோ சரிதான். எந்த மண், எத்தனை பேர் என்று பார்க்காமல் கைதூக்கி முடிவெடுப்பதில்தான் பணம் போகிறது.

முதலில் மாடிக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் 80% கைக்கு வந்தால் சுமார் 1,04,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு 540. ஆக, தனி வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வரும். இதையே 24 வீடுகள், 96 பேர் உள்ள அடுக்ககத்துக்குப் போடுங்கள். 6,000 சதுர அடி மாடி தருவது 6,24,000 லிட்டர். தினசரித் தேவை 12,960. மொத்தமே 48 நாள்தான். தனி வீட்டுக்காரர் பார்த்த பலனை அடுக்ககத்துக்காரர் எதிர்பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

அந்த மழையிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதைத் தேக்க வீட்டில் இடம் கிடையாது. சம்ப் (தரையடித் தொட்டி) கொள்ளும் வரை சம்புக்கு, மிச்சம் பூமிக்கு என்பதுதான் நடைமுறை.

சம்புக்கு விடுவதில் தவறு நடக்கும் இடம் முதல் மழை. பறவை எச்சமும் தூசியும் கழுவப்பட குறைந்தது 1 மி.மீ. மழையாவது வெளியே போக வேண்டும். 1,000 சதுர அடிக்கு அது 90 லிட்டருக்கு மேல். பலர் பத்தடிக்கு 110 மி.மீ. பிவிசி குழாயைத் தொங்கவிட்டு அடியில் மூடி போட்டுவிடுகிறார்கள். அதில் பிடிப்பது 26 லிட்டர்தான், வெறும் கண்துடைப்பு. ஒரு வால்வு வைத்து, சீசனின் முதல் ஒன்றிரண்டு மழையை முழுதாகவே தெருவுக்கு விடுவது மேல். வடிகட்டிக்கு 200 லிட்டர் டிரம் போதும்: அடியில் 20 மி.மீ. ஜல்லி, மேலே சிறு கூழாங்கல், அதற்கு மேல் வலை விரித்துப் பெருமணல். பெருமழையில் டிரம் தாங்காது. நிரம்பி வழியும் குழாயை உறைகிணற்றுக்கு (உறைகளை இறக்கி, தண்ணீர் பூமிக்குள் போகத் தோண்டும் கிணறு) கொடுக்காவிட்டால் மாடியிலேயே தண்ணீர் தேங்கும்.

உறைகிணறு எங்கே எடுபடும் என்பது மண்ணைப் பொறுத்தது. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் போன்ற மணல் பகுதிகளில் மூன்றடி விட்டம், 15 அடி ஆழம் போதும். அடியில் கான்கிரீட் போடக் கூடாது, உறைகளில் துளை இருக்க வேண்டும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம், பெரம்பூர் பக்கம் களிமண். அங்கே இதே கிணறு தொட்டியாகிக் கொசு வளர்க்கும். கிணற்றுக்குள் மணல் அடுக்கு வரும்வரை ஒரு சிறு போர் போட்டுக் கூழாங்கல் நிரப்ப வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் பாறை. வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே தண்ணீர் இறங்கும்.

அளவிலும் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கிணறு கொள்வது 3,000 லிட்டர். அடுக்கக மாடியில் 25 மி.மீ. மழைக்கு 11,000 லிட்டர் இறங்கும். மணலில் தண்ணீர் உடனுக்குடன் இறங்குவதால் இரண்டு கிணறு தாங்கலாம். மற்ற இடத்தில் மூன்று, நாலு வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் தோண்டிச் செங்கல் ஜல்லி நிரப்பிய குழிகள் பலவும் வண்டலால் அடைத்துப்போயின. கிணற்றைக் காலியாக விட்டு, முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டி, ஆண்டுதோறும் அள்ளுவதே வழி. கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரைப் போருக்குள் விடவே கூடாது. எண்ணெயும் சாக்கடைக் கசிவும் நிலத்தடிக்குப் போய்விட்டால் எடுக்க வழியில்லை.

போரை இறக்குவது ஒரே நாளில் பலன் காட்டும். அதனால்தான் வாக்கும் அதற்கே விழுகிறது. கடலோர மணலில் அது சூதாட்டம். அங்கே நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். உறிஞ்சி அந்த ஓரடியைக் குறைத்தால் உப்புநீர் மெல்ல 40 அடி மேலேறும். பக்கத்து வீட்டுப் போரும் சேர்ந்து கெடும். மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுமீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த பாடம். பாறைப் பகுதியில் உப்புப் பயம் குறைவு, ஆனால் வெடிப்பு தட்டாவிட்டால் தூள்தான் வரும். சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் (1987) போருக்கு அனுமதி கேட்கிறது என்பதும் பலருக்கு நினைவிருப்பதில்லை.

லாரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 12,000 லிட்டர் லாரி இந்த அடுக்ககத்துக்கு ஒரு நாள்கூட முழுதாக வராது. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

கடல்நீர்ச் சுத்திகரிப்பின் பெரிய பலம், மழை பொய்த்தாலும் அது நிற்காது. ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019இலும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள்தான் கைகொடுத்தன. விலை மின்சாரத்தில் தெரியும்: ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். நூறடிப் போரிலிருந்து அதே தண்ணீரை ஏற்றக் கால் யூனிட்டுக்கும் குறைவு. நகரத்துக்கு அது வேண்டும். சங்கம் தீர்மானம் போட்டு வருவதல்ல.

அடுக்ககத்துக்கு மாடியைவிடப் பெரிய ஊற்று குளியலறைதான். 135 லிட்டரில் சுமார் 45 கழிப்பறைக்குப் போவதாகக் கட்டட விதிகள் கணக்கிடுகின்றன. 96 பேருக்கு நாளொன்றுக்கு 4,320 லிட்டர். மழையில்லாத நாளிலும் குளியல் தண்ணீர் அந்த அளவுக்குக் கிடைக்கும், அதையே கழிப்பறைக்குத் திருப்பலாம். பழைய பத்து லிட்டர் ஃபிளஷ் தொட்டியை 3/6 லிட்டர் இரட்டைப் பொத்தானுக்கு மாற்றினால் தேவையே பாதியாகும். சிக்கல் குழாயில். குளியல் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் ஒரே குழாயில் இறங்கும் பழைய கட்டடத்தில் பிரிப்பது பெரிய வேலை. அங்கே ஃபிளஷ் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரிந்து இறங்கும் கட்டடத்தில் முடி பிடிக்கும் வலை, மணல் வடிகட்டி, தனித் தொட்டி, தனி ஏற்றுக்குழாய் வேண்டும். சமையலறைத் தண்ணீரை அதில் சேர்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு மணலை அடைத்துவிடும். தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றம் கிளம்பும், மறுவாரமே மாடிவீட்டுக்காரர்கள் வால்வை மூடச் சொல்வார்கள்.