தங்கமா, மாற்றுண்டியலா: நோட்டுக்கு அளவு வைப்பது எது?

தங்கம் தருவதாக வாக்களித்து வங்கி வெளியிடும் நோட்டுக்கு வரம்பு எது? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு இரண்டு பதில்கள் மோதின. பெட்டகத்துத் தங்கமே அளவு என்றனர் நாணயக் கொள்கையினர். பின்னாளில் ஓவர்ஸ்டோன் பிரபுவான லாய்டும் டாரென்ஸும் இவர்களில் முக்கியமானவர்கள். வணிகத்தின் தேவையே அளவு, தனிச் சட்டம் வேண்டாம் என்றனர் டூக், ஃபுல்லார்ட்டன் போன்ற வங்கிக் கொள்கையினர். நோட்டை நீட்டினால் தங்கம் கிடைத்தாக வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதைக் கவனிக்காமல் டூக்கைக் கட்டற்ற காகிதப் பணத்தின் வக்கீலாகக் காட்டுவது பெரிய தவறு.

நாணயக் கொள்கையின் வேர் பொருளியலாளர் ரிக்கார்டோவிடம் இருக்கிறது. புழக்கத்தில் முழுக்க உலோகம் இருந்தால் அது எப்படிக் கூடிக் குறையுமோ, நோட்டும் அப்படியே கூடிக் குறைய வேண்டும். இறக்குமதி மிஞ்சினால் தங்கம் வெளியேறும், அதே அளவு நோட்டு குறையும், விலை இறங்கும், ஏற்றுமதி கூடும், தங்கம் திரும்பும். 1844இல் பிரதமர் பீல் கொண்டுவந்த வங்கிச் சட்டம் இதை விதியாக்கியது. இங்கிலாந்து வங்கி வெளியீட்டுப் பிரிவு, வங்கிப் பிரிவு என இரண்டாகப் பிரிந்தது. 1 கோடியே 40 லட்சம் பவுண்டு வரை கடன் பத்திரங்களின் பேரில் நோட்டு வெளியிடலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நோட்டுக்கும் உலோகம் இருந்தாக வேண்டும்.

கேட்க அழகாக இருக்கிறது. கணக்குப் போட்டால் ஓட்டை தெரியும். வெளியீட்டுப் பிரிவில் 1 கோடி பவுண்டுக்குத் தங்கம் இருப்பதாக வையுங்கள். மொத்த நோட்டு 2 கோடியே 40 லட்சம். அதில் 2 கோடி மக்கள் கையில், 40 லட்சம் வங்கிப் பிரிவின் இருப்பில். வெளிநாட்டுக்கு 30 லட்சம் அனுப்ப வேண்டிய வணிகர் என்ன செய்வார்? வங்கிப் பிரிவில் உள்ள தன் வைப்புக் கணக்கிலிருந்து நோட்டை எடுத்து, வெளியீட்டுப் பிரிவில் கொடுத்துத் தங்கமாக மாற்றுவார். அந்த நோட்டு ரத்தாகும். மக்கள் கையில் இருக்கும் 2 கோடியில் ஒரு பவுண்டும் குறையவில்லை! வங்கிப் பிரிவின் இருப்புதான் 10 லட்சமாகச் சுருங்கியது. விலையை இறக்க வேண்டிய கருவி அங்கே நேரடியாக வேலை செய்யவே இல்லை. பக்கத்து அறையில் 70 லட்சத்துக்குத் தங்கம் கிடந்தும், வங்கிப் பிரிவு கடன் கொடுக்க முடியாமல் திணறும். வைப்புக் கணக்கும் காசோலையும் பணத்தின் வேலையைச் செய்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்காததன் விலை இது. டூக் தரப்பு இதைத் தெளிவாகவே எச்சரித்தது.

வங்கிக் கொள்கையின் உயிர்நாடி திரும்பு விதி. சரக்கு விற்று எழுதிய மூன்று மாத உண்டியலின், அதாவது குறித்த நாளில் பணம் தர வேண்டும் என்ற மாற்றுண்டியல் சீட்டின் பேரில், வங்கி கடன் கொடுக்கிறது. சரக்கு விலைபோனதும் கடன் அடைகிறது, நோட்டு வங்கிக்கே வந்துவிடுகிறது. தேவைக்கு மேல் வெளியே போன நோட்டு கடன் அடைப்பாகவோ வைப்பாகவோ தங்கம் கேட்டோ திரும்பும், ஆகவே தேங்காது.

இதன் பலவீனத்தை வங்கியாளரும் பொருளியலாளருமான ஹென்றி தார்ன்டன் 1802லேயே தொட்டுக் காட்டிவிட்டார். ஒரே சரக்கு மூன்று கை மாறினால் மூன்று உண்டியல் பிறக்கும். 1,000 பவுண்டு சரக்கின் மேல் 3,000 பவுண்டு கடன். மூன்றுமே போலி அல்ல. அதைவிட முக்கியம் வட்டி. முதலீட்டில் கிடைக்கும் லாபம் வங்கி வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை கடன் கேட்பவர்கள் ஓய மாட்டார்கள். 1797இல் நோட்டுக்குத் தங்கம் தருவது நிறுத்தப்பட்டபோது இந்த ஆபத்து முழுதாக வெளிப்பட்டது. அன்று சட்டம் அனுமதித்த உச்ச வட்டியே 5 சதவீதம், அதற்கு மேல் வட்டியை உயர்த்திக் கடன் கேட்பவர்களைத் தடுக்க வழியில்லை. நல்ல உண்டியலுக்குத்தான் கடன் கொடுத்தோம் என்ற வங்கி இயக்குநர்களின் வாதத்தை 1810இல் இதை ஆராய்ந்த நாடாளுமன்றத் தங்கக் குழு ஏற்கவில்லை. திரும்பு விதி தங்க வாக்குறுதியின் நிழலில்தான் நிற்கும்.

நோயை அறிவதில் வங்கிக் கொள்கை ஒரு படி மேல் என்பேன். கட்டுப்பாட்டின் அவசியத்தை உணர்ந்ததில் நாணயக் கொள்கைக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது கட்டுப்போட்ட இடம் தவறு. 1847, 1857, 1866 என மூன்று நெருக்கடிகளிலும் வரம்பை மீறலாம் என்று அரசு கடிதம் கொடுக்க நேர்ந்தது. உண்மையில் வரம்பு தாண்டப்பட்டது 1857இல் மட்டுமே.

சட்டம் பிரித்துப் பார்க்காத ஒன்றைத் தார்ன்டன் பிரித்துப் பார்த்தார். தங்கம் வெளிநாட்டுக்குப் போவது வேறு, பயத்தில் உள்நாட்டில் பணம் பதுங்குவது வேறு. முன்னதற்குப் பொறுமையான இறுக்கம் வேண்டும். பின்னதற்குத் தாராளமான கடன் வேண்டும். 1847இன் தொடக்கத்தில் தானிய இறக்குமதிக்காகத் தங்கம் வெளியேறியது. அக்டோபரில் நடந்தது பதுக்கல். அரசின் கடிதம் 8 சதவீத வட்டி நிபந்தனையோடு வந்த உடனே, ஒளித்து வைத்திருந்த நோட்டுகள் தாமாகவே வெளியே வரத் தொடங்கின.