எலுமிச்சைப்புல் எண்ணெயும் கிராம்பு எண்ணெயும்: பழம் அழுகாமல் காக்குமா?

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் பச்சைப் பூசணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கை அவிழ்க்கும்போது பறக்கிற பச்சைப் பொடி முழுக்க பெனிசிலியம் டிஜிட்டேட்டம் பூசணத்தின் வித்து. பக்கத்துச் சாக்குக்கும் அதுதான் போகிறது. இதைத் தடுக்க என்று எலுமிச்சைப்புல் எண்ணெய், கிராம்பு எண்ணெய் இரண்டையும் சிறு பாட்டில்களில் விற்கிறார்கள். பயன் உண்டு, ஆனால் விற்பவர் சொல்லும் அளவுக்கு இல்லை.

முதலில் எண்ணெய் அசல்தானா என்று பாருங்கள். கிராம்பு எண்ணெய் தண்ணீரை விடக் கனமானது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அடியில் இறங்க வேண்டும். மேலேயே படர்ந்து நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கலாம். எலுமிச்சைப்புல் எண்ணெய் மிதக்கும், அதற்கு இந்தச் சோதனை ஆகாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள்: எண்ணெய்க்கறை அப்படியே இருந்தால் கலப்படம். அறைக்கு வாசனை போட விற்கும் 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' வேறு சரக்கு, அதை வாங்க வேண்டாம்.

அளவு 0.1 சதவீதம்: 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி எண்ணெய். எண்ணெய் தானாகத் தண்ணீரில் கலக்காது, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ட்வீன் 80 என்ற திரவம் வேண்டும். 5 மில்லி ட்வீனில் எண்ணெயை ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பால் மாதிரி வரும். வரிசை மாறினால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். அந்தக் கரைசலில் நனைத்த பழத்தில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் இரண்டொரு நாளில் பழுப்பாகக் கருகிவிடும். பலரும் 'எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை' என்று கைவிடுவது இதனால்தான். வீரியம் கூடட்டும் என்று அளவை இரட்டிப்பாக்கினாலும் இதே கதி.

முக்குவதற்கு முன் மண் போகக் கழுவி, 10 லிட்டருக்கு 6 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மண்ணோடு போட்டால் குளோரின் மண்ணிலேயே தீர்ந்துபோகும். பிறகு எண்ணெய்க் கரைசலில் ஒன்றிரண்டு நிமிடம், நிழலில் ஃபேன் காற்றில் முழுக்க உலர்த்தல். கரைசல் கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கிராம்பு எண்ணெய் தோலை எரிக்கும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சாக்கில் கட்டினால் வீண். இந்த எண்ணெய்கள் ஆவியாகும். வேலையில் பாதியை ஆவிதான் செய்கிறது. காற்றோட்டமான சாக்கில் அது நிற்காது. மூடிய அட்டைப்பெட்டியில்தான் பலன் தெரியும்.

இன்னொன்று, இந்தப் பூசணம் காயம் இல்லாத தோலுக்குள் நுழையாது. கம்பால் தட்டி உதிர்த்த காயில் தோல் கீறியிருக்கும். இழுத்துப் பறித்ததில் காம்பு பிய்ந்திருக்கும். கீறலில் கசியும் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீன் என்ற வாசனைப் பொருள் பச்சைப் பூசண வித்து முளைப்பதைத் தூண்டுகிறது. உள்ளே புகுந்துவிட்ட பூசணத்தை மேலே பூசிய எண்ணெய் தொடாது. காம்புப்பக்க அழுகலுக்கும் அப்படித்தான், அது தோப்பிலேயே காம்பில் உட்கார்ந்து வருவது. கத்தரியால் காம்போடு வெட்டுவது எந்த பாட்டிலை விடவும் மலிவான மருந்து.

இரண்டில் எலுமிச்சைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயே பொருத்தம். அதிலுள்ள சிட்ரால் எலுமிச்சைத் தோலிலும் உண்டு, வாசனை உறுத்தாது. கிராம்பு வாசனை பழத்தில் ஒட்டிக்கொள்ளும், ஜூஸ் கடைக்காரர் முகம் சுளிப்பார். கிராம்பை ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு வைத்துக்கொள்ளலாம். களக்காட்டுக் காய் கேரளா போகும்போது சீப்பு வெட்டிய இடம்தான் முதலில் கறுக்கும். பால் வடிய ஒரு சதவீதப் படிகார நீரில் கழுவி, வெட்டுவாயில் மட்டும் பிரஷ்ஷால் கிராம்பு எண்ணெய்க் கரைசலைத் தடவினால் போதும். இலங்கையில் எம்புல் வாழைக்கு எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை எண்ணெய்களைத் தெளித்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

மதிப்பெண்: பெட்டியில் போகும் நல்ல காய்க்கு 5க்கு 3½. சாக்கில் போகும் உதிரிக்காய்க்கு 1, அதுவும் கழுவியதற்காக. வாங்கினால் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் வாங்குங்கள். கிராம்பு எண்ணெய் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.