இரண்டு வார ஸ்பிரின்ட்டா, ஆறு வாரச் சுற்றா?

புதிதாக ஒரு பிராடக்ட் டீம் அமைந்தால், பெரும்பாலும் யாரையும் கேட்காமலே ஸ்க்ரம் வந்துவிடும். கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் முன்வைத்த முறை அது; வேலையை 'ஸ்பிரின்ட்' என்னும் சிறு தவணைகளாக, பெரும்பாலும் இரண்டு வாரங்களாக, பிரித்துச் செய்வார்கள். புராஜெக்ட்களை நிர்வகிக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் பேஸ்கேம்ப் நிறுவனம் (இப்போது 37signals) தன் வேலைக்காக வளர்த்தெடுத்த முறை வேறு: ஆறு வாரம் வேலை, அப்புறம் இரண்டு வாரம் இளைப்பாறல்.

கால அளவை விட முக்கியமான வேறுபாடு, முதலில் எழும் கேள்வியில் இருக்கிறது. ஸ்பிரின்ட் பிளானிங்கில் பொதுவாக "இதை முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்பார்கள். பேஸ்கேம்ப்பில் "இதற்கு எத்தனை நாள் கொடுக்கலாம்?" என்பார்கள்.

அவர்களுடைய காலண்டர் கதையையே எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் மென்பொருளில் காலண்டர் கேட்டார்கள். முழுசாகச் செய்தால் ஆறு மாதம் விழுங்கும். அவ்வளவு கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. கேட்டவர்களில் ஒருவரை அழைத்து, எந்த நேரத்தில் இது தேவைப்பட்டது என்று விசாரித்தார்கள். அவருடைய அலுவலகத்தில் மீட்டிங் அறைகளின் விவரம் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், அதைப் பார்ப்பதற்காகவே அவர் காரில் போக வேண்டியிருந்தது. ஆக, அவருக்கு வேண்டியது எந்த நாள் காலி என்று தெரிவதுதான். இரண்டு மாதக் கட்டங்கள், நிகழ்ச்சி உள்ள நாளில் ஒரு புள்ளி. இப்படிச் சின்னதாக முடித்தார்கள். கால வரம்பு இறுக்கமாக இருந்ததால்தான் இந்த விசாரிப்பே நடந்தது என்பது என் கணிப்பு. "காலண்டர், 40 பாயிண்ட்" (பாயிண்ட் என்பது வேலையின் அளவுக்கான மதிப்பீடு) என்று பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், ஏறியிருந்தால் யார் போன் போட்டிருப்பார்கள்?

முடியாத வேலையை என்ன செய்வது என்பதிலும் பேஸ்கேம்ப் பக்கம்தான் நான். ஸ்பிரின்ட்டில் முடியாத ஸ்டோரி (ஒரு சிறு வேலை) பல இடங்களில் சத்தமில்லாமல் அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தாவிவிடும். பேஸ்கேம்ப்பில் ஆறு வாரத்தில் முடியவில்லையென்றால் வழக்கமாக நீட்டிப்பு கிடையாது. வேண்டுமானால் புதிதாக வாதாடித்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஆட்களைப் பற்றிப் பேசினால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பேஸ்கேம்ப் டீம் என்பது ஒரு டிசைனர், ஒன்றிரண்டு புரோகிராமர்கள், அவ்வளவுதான். வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆள் கிடையாது, அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். அனுபவசாலிகளுக்கு அது சுகம். டீமில் பாதிப் பேர் ஃபிரெஷர்கள் என்றால், முதல் வாரத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டது நாலாவது வாரத்தில்தான் தெரியவரும். அங்கே ஸ்க்ரமின் தினசரி 15 நிமிடப் பேச்சு பெரிய பாதுகாப்பு. அதை வெறும் சடங்கு என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

தினமும் கஸ்டமர் பக் (மென்பொருள் பிழைப் புகார்கள்) கொட்டும் டீமுக்கு இரண்டுமே ஒத்துவராது. ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு போடும் கான்பான் போதும்.

சரி, எதை எடுப்பது? வேலை தொடங்கும் முன்பே உட்கார்ந்து, எதைச் செய்வது, எதை விடுவது என்று வரைந்து கொடுக்கக்கூடிய பிராடக்ட் மேனேஜர் இருந்து, டெவலப்பர்களும் தாங்களே முடிவெடுக்கப் பழகியவர்கள் என்றால் தயங்காமல் ஆறு வாரம். மேலிடம் சொன்னதை டிக்கெட்டாக எழுதிப்போடுவது மட்டுமே அவர் வேலை என்றால், ஸ்க்ரமிலேயே இருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிவ்யூவில் தவறாவது வெளியே தெரியும். பழைய பேக்லாக்கையும் எஸ்டிமேட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் ஆறு வாரச் சுற்று என்று மாற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.