பேலட் பைன் பலகை: போர்வைப் பெட்டிக்கு எங்கே ஆகும், எங்கே ஆகாது

தொழிற்சாலைகளுக்குச் சரக்கு சுமந்துவந்த பேலட்டுகளை (சரக்கை மேலே அடுக்கும் மரத் தட்டுகளை) பிரித்தெடுத்த பைன் பலகை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்துப் பழைய மரக் கடைகளில் கிடைக்கிறது. விலை மலிவு. கணுவும் வெளிறும் (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) நிறைய, முறுக்கும் கோணலும் சகஜம். வீட்டுக்கு ஒரு போர்வைப் பெட்டி செய்ய இது போதுமா? பக்கங்களை அடைக்கவும் மூடிக்கும் தாராளமாகப் போதும். காலுக்கும் சட்டத்துக்கும் ஆகவே ஆகாது. அதற்கு மட்டும் இடித்த வீட்டுத் தேக்கு வாங்குங்கள்.

கடையில் முதலில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. (MB) என்றிருந்தால் பூச்சியைக் கொல்ல மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. துணி வைக்கும் பெட்டிக்கு வேண்டாம். முத்திரையே இல்லாததையும் எண்ணெய்க் கறை பிடித்ததையும் தொடாதீர்கள்.

சூடேற்றிய மரம் உலர்ந்த மரம் அல்ல. இங்கேதான் பல பெட்டிகள் கெடுகின்றன. பலகைகளை நிழலில், இடையிடையே முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அடுக்குங்கள். ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் இழைப்புளியைத் தொட வேண்டும்.

34 அங்குல நீளம், 17 அகலம், 18 உயரம் கொண்ட பெட்டிக்கு மூன்றரை அங்குல அகலமும் மூன்றடி நீளமும் உள்ள பலகை 23 போதும். ஆனால் 30 வாங்குங்கள். கழிவு அவ்வளவு வரும். பிரிக்காத பேலட்டாகவே கிடைத்தால் ஆணியைப் பிடுங்காதீர்கள், பலகை பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிட்டு, மிச்சத்தைத் தட்டி வெளியேற்றுங்கள். இழைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது இழைப்புளிக்கு நல்லது. முறுக்கிய பலகையை நீளமாக இழைத்து நேராக்க முயன்றால் கனம்தான் போகும். துண்டாக அறுங்கள், துண்டு சிறுத்தால் முறுக்கும் சிறுக்கும். பக்கவாட்டுக்குத் தேவை 13 அங்குலத் துண்டுகள்தான். அடிப்பலகையையும் குறுக்குவாட்டில் போட்டால் 15 அங்குலத் துண்டே போதும், எடையும் நன்றாகத் தாங்கும்.

மரம் அகலவாட்டில்தான் விரியும், சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. அதனால் பலகைகளை நாக்கும் காடியுமாக (ஒன்றின் விளிம்பு நீட்டம் அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும்படி) சேர்த்து, தேக்குச் சட்டத்தின் காடிக்குள் பெவிக்கால் போடாமல் நிறுத்துங்கள். ஒட்டினால் கோடையில் வெடிக்கும். மட்டமான மரத்துக்கு இந்த அமைப்பு மிகப் பொருத்தம், ஏனென்றால் ஒவ்வொரு பலகையும் தன் போக்கில் அசையலாம். மூடிக்கு மட்டும் ஆறு பலகையை ஒட்டி, அடியில் இரண்டு தேக்கு ரீப்பர் வைத்துத் திருகுங்கள். நடுத் திருகாணிக்கு வட்டத் துளை, ஓரத்துத் திருகாணிகளுக்கு நீள்துளை.

கருவளையம் சூழ்ந்த கணு ஒருநாள் கழன்று விழும். அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். பிசின் கசியும் இடத்தைச் சுரண்டி, டர்பன்டைனால் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு கை பூச வேண்டும். விட்டால் கம்பளியில் மஞ்சள் கறை ஏறும். உள்பக்கம் முழுவதற்கும் அரக்கு மட்டுமே. ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்த வாடை மாதக்கணக்கில் போர்வையை விடாது.

கீலைப் பைன் விளிம்பில் அடிக்காதீர்கள், திருகு பிடிக்காது. பின்பக்கத் தேக்குச் சட்டத்தில் பொருத்துங்கள். மூடி நாலு கிலோ வரும், தானாக விழாதபடி தாங்கி கட்டாயம் வேண்டும். குழந்தைகள் உள்ளே இறங்கி ஒளிவார்கள். அதனால் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி வேண்டாம், பின்பக்கம் மூடிக்கடியில் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். கறையானுக்குப் பைன் மிகவும் பிடிக்கும். பெட்டியின் அடி தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். உள்ளே பருத்தித் துணி விரித்து, மூலையில் வசம்பை முடிச்சாகப் போட்டு வையுங்கள்.